இருபத்தாறு முறை விழுந்த போன்

ஜூன் 4, புதன்

எங்கள் ஆய்வகத்தில் எந்தப் போனுக்கும் இரண்டாவது சோதனை கிடையாது. அதனால்தான் எல்லாப் போனும் பாஸ் ஆகிறது. இது ஏமாற்று வேலை. எங்கள் மேற்பார்வையாளர் ஹரிகிருஷ்ணன் சாருக்கு இது தெரியும். அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் தெரியும்.

நாங்கள் செய்வது முரட்டுப் போன். தண்ணீரில் விழுந்தாலும், புழுதியில் புரண்டாலும், பாறையில் மோதினாலும் ஒன்றும் ஆகாது என்று அட்டைப் பெட்டியிலேயே அச்சடித்து விற்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள், குவாரியில் இருப்பவர்கள், காட்டில் நடப்பவர்கள் வாங்குகிறார்கள்.

போனைக் கீழே போடுவது என் வேலை. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல். ஒரு போனுக்கு இருபத்தாறு முறை: ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு முனை. எல்லாம் முடிந்தபிறகு திரை எரிகிறதா, பேச முடிகிறதா என்று பார்ப்பேன். 'டி' என்று ஸ்டிக்கர் ஒட்டி எண் எழுதிச் சிவப்புப் பெட்டியில் போடுவேன். மாதக் கடைசியில் அந்தப் பெட்டியில் உள்ளதையெல்லாம் நசுக்கிவிடுவார்கள். அடுத்த மேசையில் ஜெபக்கனி. அவளுடையது தண்ணீர். ஆளுயரக் கண்ணாடித் தொட்டியின் அடியில் அரை மணி நேரம் போனை முக்கி வைப்பாள். ஆனால் அவளுக்கு வருவது அப்போதுதான் உறை பிரித்த புதுப் போன். தூசி அறைக்கும் வேறொரு புதுப் போன்.

வெளியே யார் கையிலும் அப்படி நடக்காது. முதலில் கீழே விழும். பிறகு மழையில் நனையும். அதே போன்.

சாரிடம் கேட்டேன்: "விழுந்த பீஸைத் தண்ணில போட்டுப் பாக்கலாமா சார்?"

"எதுக்கு?"

"சும்மா சார். தெரிஞ்சுக்கலாம்னு."

"அது ரெண்டும் தனித்தனி டெஸ்ட்டுப்பா. தனித்தனி சாம்பிள். நீ போடுற வேலையைப் போடு."

ஜெபக்கனி தொட்டிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாள். சாத்தான்குளத்துக்காரி. நான் மேற்கே ஈரோட்டுப் பக்கம் என்பதால் என்னைக் 'கொங்கு' என்றுதான் கூப்பிடுவாள். "ஏய் கொங்கு, ஒனக்கு என்ன திடீர்னு அறிவு?" என்றாள்.

சும்மாதான் கேட்டேன். வேறு காரணம் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

விடுதியில் என் கட்டிலில் இரண்டு பேர் படுக்கிறோம். சேர்ந்து அல்ல. நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு அடுத்த ஷிப்ட் ஆள் வந்து படுப்பான். நான் வருவதற்குள் எழுந்து போய்விடுவான். எட்டு மாதமாக ஒரே தலையணை. அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. அவன் தலைக்குக் கடுகெண்ணெய் தேய்க்கிறான் என்பது மட்டும் தெரியும்.

போன வாரம் என் போர்வையை மடித்து வைத்திருந்தான். 'நன்றி, உங்கள் பெயர் என்ன?' என்று ஒரு சீட்டு எழுதித் தலையணையில் வைத்தேன். சாயங்காலம் வந்தபோது சீட்டு அதே இடத்தில் இருந்தது. தமிழ் படிக்கத் தெரியாதவனாக இருக்கும்.

இன்று துணி துவைத்தேன். குழாயில் தண்ணீர் பாதியில் நின்றுவிட்டது. சோப்போடு காயப்போட்டிருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் கூப்பிடும் நாள். மாதேவண்ணன் எங்கள் ஊருக்கு மேலே மலையில் வேட்டைத் தடுப்புக் காவலர். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். காட்டுக்குள் டவர் கிடையாது. சீங்கப்பள்ளம் என்றொரு ஓடை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டைப் பாறை. அதில் ஏறினால்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஏறிக் கூப்பிடுவார். ஊரில் அண்ணியோடு பேசிவிட்டு என்னோடு. இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. வாரத்தில் அந்தப் பதினைந்து நிமிடம்தான் யாராவது என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பது.

"தம்பி, சாப்ட்டியா?"

"ஆச்சுங்ணா."

"என்ன சாப்ட்ட?"

"சோறுதானுங்ணா."

"சோறுன்னா? கொழம்பு இல்லியா? டேய், நீ குடுத்த போன் இருக்குதே, இங்க அதுதான் பேச்சு. ஒருத்தனும் நம்பல. பக்கெட்டுத் தண்ணிக்குள்ள முக்கி எடுத்துக் காட்டினேன் பாரு! வாயப் பொளந்துட்டு நிக்கறானுக. எங்கூட ரோந்து வர்ற கெம்பன் கையில வாங்கி மோந்து பாக்கறான்!"

நானும் சிரித்தேன்.

"எத்தன நேரம் முக்கினீங்க?"

"ஒரு முங்கு. ஏன்டா?"

"சும்மா கேட்டேனுங்ணா."

காவலர் முகாமில் நான்கு பேருக்கு ஒரு வயர்லெஸ். பள்ளத்துக்கு அக்கட்டால, அந்தப் பக்கம், போகிற ஆள் அதை எடுத்துப் போவது வழக்கம். "உன்ற கையிலதான் நல்ல போன் இருக்குதே, வயர்லெஸ் முகாம்லயே இருக்கட்டும்" என்று ரேஞ்சர் சொல்லிவிட்டாராம். தூரத்து ரோந்தும் இனி அண்ணனுக்குத்தானாம். அதைப் பெருமையாகச் சொன்னார். ஒரு மனிதனுக்கு வயர்லெஸ் கொடுக்காமல் இருப்பதற்கு அவன் தம்பி வாங்கிக் கொடுத்த போன் ஒரு சாக்கு. கேட்க ஆள் இல்லாதவனிடம் இப்படித்தான் செய்வார்கள்.

அந்தப் போனைச் சித்திரையில் ஊருக்குப் போனபோது கொடுத்தேன். பெட்டி எங்கே என்று அண்ணி கேட்டாள். பஸ்ஸில் நசுங்கிவிட்டது, வீசிவிட்டேன் என்றேன். முனையில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. அது பையில் உரசியது என்றேன்.

ஜூன் 11, புதன்

சிவப்புப் பெட்டிக் கணக்கில் ஒரு பீஸ் குறைகிறது. டி-07. ஏப்ரல் சாம்பிள். தணிக்கைக்கு ஆள் வருகிறார்களாம், அதனால் இப்போதுதான் பழைய நோட்டைப் புரட்டியிருக்கிறார்கள்.

நசுக்கப்போகும் குப்பைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். எங்களை வரிசையில் நிற்கவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். 'எனக்கு எதுவும் தெரியாது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஜெபக்கனி என் எதிரில் தட்டை வைத்தாள்.

"ஏய், நீ எடுத்தியா?"

"இல்ல."

"செரி."

"ஏன் கேக்கற?"

"பெட்டிச் சாவி எங்கிட்டல்லா இருக்கு. அதான் கேட்டேன்." அப்பளத்தை உடைத்துப் பாதியை என் தட்டில் போட்டாள். "மொகத்தப் பாரு. அவிச்ச முட்ட மாதிரி."

ஜூன் 15, ஞாயிறு

அங்கே மழை தொடங்கிவிட்டது. பாதி வார்த்தைகள் காற்றில் போயின.

"ரெண்டு தடவ பாறையில இருந்து விழுந்துது தம்பி. ஒண்ணும் ஆகல! கல்லு மாதிரி இருக்குது."

"ண்ணா, தண்ணில படாம வெச்சுக்கங்க."

"என்னது?"

"தண்ணில படாம."

"அட, தண்ணிக்குத்தானேடா இத வாங்கின!"

"ஆமாங்ணா. இருந்தாலும்."

"இருந்தாலும் என்ன?"

"ஒண்ணுமில்லீங்ணா."

அதற்குள் அறுந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

செய்தேன்.

சாப்பாட்டு நேரம் சாருக்கு மீட்டிங். ஜெபக்கனியிடம் டி-11ஐக் கொடுத்தேன். காலையில் நானே இருபத்தாறு முறை போட்டது. பாஸ் ஆனது.

"இதத் தொட்டியில போடு."

"எனக்கு வேல போவும்ல."

"அரை மணி நேரம்தான்."

முறைத்தாள். பிறகு கொக்கியில் மாட்டி இறக்கினாள். இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மூச்சு இலகுவானது. பதினோராவது நிமிடத்தில் சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடிக்குப் பக்கத்தில் இருந்து ஒரு குமிழி கிளம்பியது. பிறகு இன்னொன்று. பிறகு நூல் பிடித்ததுபோல் வரிசையாக. பதினான்காவது நிமிடம் திரை பாதி வெளுத்தது. பத்தொன்பதாவது நிமிடம் அணைந்தது.

முனையில் விழும்போது அந்த ரப்பர் மூடி மயிரிழை அளவு நகர்ந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரிகிறது.

ஜெபக்கனி தொட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக் குடுத்த?"

கொக்கியைப் பிடித்துப் போனை மேலே தூக்கினேன்.

"கொங்கு, கேக்கேம்லா. அந்த ஏழாம் நம்பர யாருக்குக் குடுத்த?"

சொன்னேன். எழுதவும் செய்கிறேன்: டி-07ஐ எடுத்தது நான்தான். எப்படி வெளியே கொண்டுபோனேன் என்பதை எழுதமாட்டேன். நான் அதைத் திருட்டாக நினைக்கவில்லை. புதுப் போனை யாரும் சோதிக்கவில்லை. இதை நானே இருபத்தாறு முறை போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரு முறைகூடச் சாகவில்லை. கடையில் இருக்கும் எந்தப் போனைவிடவும் இதுதான் உறுதி என்று நினைத்தேன். அண்ணனுக்கு அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். பத்தில் மிக நன்றாகத் தாங்கியது எதுவென்று பார்த்துத்தான் எடுத்தேன்.

"இன்னைக்கே சொல்லிரு" என்றாள்.

"ஞாயித்துக்கெழமதான் டவரு."

"ஆபீஸுக்குப் போன் போடு. ஆள் அனுப்பிச் சொல்லட்டும்."

சாயங்காலம் ரேஞ்சர் ஆபீஸுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங் தம்பி, போன்ல தண்ணி போகும்னு சொல்றதுக்கு ஒரு ஆளு பதினாலு கிலோமீட்டர் நடக்கோணுமா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அது குப்பையில் எடுத்த போன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் பெரிதாக எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன். கடைசியில் அனுப்பியது: 'அண்ணா, போனில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும். ஞாயிறு பேசும்போது சொல்கிறேன்.'

ஒரு டிக்.

ஜூன் 19, வியாழன்

ஜெபக்கனியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சாவி அவளிடம் இருந்தது, ஆகவே அவள்தான். விசாரணை பத்து நிமிடம். இன்னும் ஒரு மாதத்தில் அவளுடைய பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்திருக்கும். அதுவரைகூடப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு மாதம் வைத்திருந்தால் நிரந்தரம் கேட்பார்கள் என்று யாரையும் வைத்திருப்பதில்லை. ஆளையும் இங்கே புதுப் பீஸாகத்தான் எடுக்கிறார்கள். அடி வாங்கியவன் அடுத்த அடிக்கு என்ன ஆவான் என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை.

பழி எங்கே விழும் என்று தெரிந்துதான் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் ஒருபோதும் அதிகாரம் இருக்காது. அதிகாரம் இருப்பவர்களிடம் சாவி இருக்காது.

சார் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பஸ் நிறுத்தம்வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பஸ் வந்தபோது பையை வாங்கிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம சொல்லிருவியா?"

"சொல்லிருவேன்."

"முழுசா சொல்லு. தண்ணி படாம வையின்னா யாரும் வைக்க மாட்டாவ. அது கழிச்சுப் போட்ட பீஸுன்னு சொல்லு. அப்பதான் நம்பாம இருப்பாவ."

"செரி."

"எம்மேல சத்தியமா?"

"சத்தியமா."

பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக, "சோத்த ஒழுங்காத் தின்னு" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

தண்ணீர்த் தொட்டிக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாள். பெயர் கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கட்டாய ஓவர்டைம். நேற்று சாயங்காலம்தான் பலகையில் எழுதினார்கள். ஏற்றுமதி ஆர்டர், ஒருவரும் லீவு எடுக்கக்கூடாது.

போன் செய்கிற தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலில் லாக்கரில் வைத்து டோக்கன் வாங்க வேண்டும். என் டோக்கன் 212.

நாலே முக்காலுக்குச் சாரிடம் போனேன்.

"சார், பத்து நிமிஷம் கேட் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

"எதுக்கு?"

"அண்ணன் கூப்பிடுவாரு சார்."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல சார்."

"அப்புறம் என்னப்பா? எட்டு மணிக்குப் பேசிக்கோ."

எட்டு மணிக்கு அண்ணன் பாறையில் இருக்கமாட்டார் என்று சொல்லியிருக்கலாம். போனைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். போட்டது போட்டபடி நடந்து வெளியேறியிருக்கலாம். கதவு பூட்டியில்லை. திரும்பி வந்து, நின்று, போன்களைக் கீழே போட்டேன். ஐந்து மணிக்குக் கையில் இருந்தது டி-16. எட்டாவது முனை. சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எட்டு மணிக்கு லாக்கரைத் திறந்தேன். மூன்று அழைப்புகள். 5.04. 5.06. 5.11.

நான் அனுப்பிய செய்தியில் இரண்டு நீல டிக் இருந்தது. படித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீருக்கு என்ன என்று கேட்பதற்காக.

திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

ஜூன் 23, திங்கள்

நாளெல்லாம் லாக்கர் நினைவு. சாயங்காலம் திறந்தேன். ஒரு அழைப்பும் இல்லை. அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம். ஆறு நாள்தானே.

ஜூன் 25, புதன்

சாயங்காலம் லாக்கரைத் திறந்தபோது அண்ணியிடமிருந்து பதினேழு அழைப்பு.

அண்ணன் திங்கட்கிழமையிலிருந்து முகாமுக்கு வரவில்லை.

அண்ணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். திங்கள் மத்தியானம் அண்ணனும் கெம்பனும் ரோந்து முடித்துவிட்டு முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் வந்த பிறகு அண்ணன் நின்றிருக்கிறார். "தம்பி ஏதோ சொல்ல வந்திருக்கறான். நேத்து எடுக்கவே இல்ல. மனசு என்னமோ பண்ணுது. பாறைக்கு ஏறி ஒரு தடவ கூப்ட்டுப் பாத்துட்டு வந்தர்றேன், நீ நட" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பள்ளத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். அப்போது தண்ணீர் முழங்கால் அளவு. ஒரு மணி நேரத்தில் மேலே பெய்த மழை இறங்கிவிட்டது.

கெம்பன் முகாமில் சொல்லியிருக்கிறார். யாரும் தேடப் போகவில்லை. திங்கள் முழுக்க. செவ்வாய் முழுக்க.

"ஏன் போகல அண்ணி?"

"அவருகிட்டத்தான் அந்தப் போன் இருக்குதேன்னு இருந்துட்டாங்க தம்பி. ஒண்ணுன்னா பாறையில இருந்து கூப்புடுவாரு, தண்ணி வடியட்டும்னு அக்கட்டால உக்காந்திருப்பாருன்னு நெனச்சாங்களாம்."

பிறகு அண்ணி ஒன்று கேட்டாள். அதை எழுத என்னால் முடியவில்லை.

ஜூன் 26, வியாழன்

காலையில் சாருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"டி-07ஐ நான்தான் எடுத்தேன் சார்."

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. களைத்துப்போன மனிதர். "ஏம்பா, இப்ப எதுக்கு இதைச் சொல்ற? அது முடிஞ்சுபோச்சு."

"ஜெபக்கனியத் திரும்பக் கூப்புடுங்க."

"அவ இடத்துக்கு ஆள் வந்தாச்சு."

"அப்ப எனக்கு ஒரு தாள் குடுங்க. எழுதித் தர்றேன். அது கூடவே நீங்களும் ரெண்டு வரி எழுதோணும். விழுந்த போன் தண்ணில பத்தொம்பது நிமிஷத்துல செத்துருச்சுன்னு. டி-11. நானே பாத்தேன்."

"அது டெஸ்ட்டே இல்லப்பா."

"வேற என்னங்க சார் அது?"

"ரெண்டு தனித்தனி டெஸ்ட். ரெண்டும் பாஸ். ரெண்டையும் சேர்த்து ஒண்ணுன்னு நீயா வெச்சுக்கிட்டா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"எங்கண்ணன் காட்டுல காணாமப் போய் மூணு நாளாச்சு சார். கையில அந்தப் போன்தான் இருக்குது."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதை நாங்க குடுக்கலியேப்பா" என்றார்.



தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் பங்கு மட்டும். ஜெபக்கனிக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அவர் அதை ஒரு கோப்புக்குள் வைத்தார். எங்கே போகும் என்று தெரியாது.

விடுதியில் பையைக் கட்டினேன். கட்டிலில் அந்த ஆள் தூங்கிக்கொண்டிருந்தான். முதல் முறையாக முகத்தைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். என் போர்வையை மடித்து அவன் காலடியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் 27, வெள்ளி

ஈரோட்டில் இறங்கி, அங்கிருந்து இரண்டு பஸ். வீட்டில் அண்ணி அழவில்லை. சமைத்திருந்தாள். சமைத்ததில் ஒரு பங்கைத் தனியாக மூடி வைத்திருந்தாள்.

"சாப்புடு தம்பி."

சாப்பிட்டேன். அன்றைக்குப் போனில் கேட்டதை மறுபடி கேட்டாள்.

"அந்தப் போன் நல்ல போன்தான? நீயே பாத்து வாங்குனதுதான?"

"ம்."

"அப்பறம் ஏன் தம்பி கூப்புடல?"

அவள் அதைக் குற்றமாகக் கேட்கவில்லை. பதில் நல்லதாக இருக்கும் என்று நம்பிக் கேட்டாள். சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றேன். ஆமாம் ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்றாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதை நான் செய்தேன்.

ஜூன் 28, சனி

தீயணைப்பு ஆட்கள் ஓடையைத் தொடர்ந்து மூன்று கிலோமீட்டர் கீழேவரை பார்த்துவிட்டார்கள். ஒரு தொப்பி கிடைத்தது. அண்ணனுடையதா என்று அண்ணியிடம் காட்டினார்கள். எல்லாத் தொப்பியும் ஒரே மாதிரிதானே கொடுக்கிறீர்கள், எப்படித் தெரியும் என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் மறுபடி மழை. தேடல் நாளைக்குத் தள்ளிப்போய்விட்டது. நாளைக்கு என்று சொல்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மழை விட்டது. கெம்பனோடு நடந்தேன். பள்ளத்தில் தண்ணீர் இடுப்புக்கு வடிந்திருந்தது. கயிறு கட்டியிருந்தார்கள். பிடித்துக்கொண்டு தாண்டினோம். நடுவில் ஓரிடத்தில் காலுக்கடியில் கல் உருண்டது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். கெம்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அக்கரையில் ஏறியதும் அவர் சொன்னார்: "நான் போக வேண்டாம்னுதான் சொன்னனுங் தம்பி. சிரிச்சுட்டு, போனத் தட்டிக் காட்டினாரு. இது இருக்குதுடா, நீ போன்னாரு. நானும் போயிட்டனுங்."

"உங்க மேல தப்பில்லீங்."

"அப்ப யாரு மேலங்?"

அவர் பாறைக்கு வரவில்லை. கீழேயே உட்கார்ந்துகொண்டார்.

பாறை நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு ஆள் கால் நீட்டி உட்காரலாம். ஒரு மூலையில் வெற்றிலைக் காம்புகள் கிடந்தன. அண்ணன் இங்கிருந்துதான் என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் போனின் திரை உடைந்து ஒரு வருடமாகிறது. மழைத்தூறலில் நனைந்தாலே கிறுக்குப்பிடிக்கும். அதில் நாலு கோடு டவர் காட்டியது.

நேரம் 5.00. இன்றைக்கு அவர் கூப்பிடும் நாள்.

கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் சொன்னது. முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்.

அண்ணியிடம் கீழே போனதும் சொல்ல வேண்டும். இன்றைக்கே. மூடி வைத்த சோற்றை அவள் மறுபடி திறப்பதற்கு முன். ஆனால் முதலில் சொல்ல வேண்டியவர் அண்ணன். பதினேழாம் தேதி அழித்ததை இப்போது முழுதாக எழுதினேன். ஒரு எழுத்துகூட அழிக்கவில்லை.

'அண்ணா, அது கடையில் வாங்கியது இல்லை. நசுக்குவதற்கு வைத்திருந்த போன். இருபத்தாறு முறை அதைக் கீழே போட்டது நான். தண்ணீர் தாங்காது என்று பதினேழாம் தேதியே எனக்குத் தெரியும். ஞாயிறு நீங்கள் கூப்பிட்டபோது எழுந்து வந்திருக்கலாம், வரவில்லை. அந்தப் போனை நம்ப வேண்டாம். வேறு யாரிடமாவது போன் வாங்கியாவது என்னைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுத் திட்டுங்கள். இன்றைக்கே திட்ட வேண்டும். நான் பாறையிலேயே இருக்கிறேன்.'

5.04. ஒரு டிக்.

5.06. ஒரு டிக்.

5.11.